எஞ்சின் ஏறினாலும் தாங்கும் அவரைப் பந்தல்

முதலில் தப்பு செய்தவன் சுப்பராயலு. இதைக் கோதண்டபாணி யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

சுப்பராயலு அவருடைய மச்சான். மனைவி தையல்நாயகிக்குத் தம்பி. மயிலத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்து மல்லாட்டையும் கேப்பையும், கொல்லை ஓரத்தில் கத்திரியும் வெண்டையும் போடுகிறவன். ஐப்பசியில் மயிலம் மலையடிவாரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்த கோதண்டபாணி கத்திரிக்காய்க் குழம்பில் ஒரு வாய் வைத்தார். "காய் முத்தல்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காய் மச்சான் வீட்டுக் காய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். அது வேறு விஷயம்.

சாம்பார் வாளியோடு நின்ற சுப்பராயலு குரலை உயர்த்தினான்.

"காயைப் பத்தி எங்க மாமா பேசலாமா? மாமாவுக்குத் தெரிஞ்ச கொடி ரெண்டே ரெண்டு. ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு. ரெண்டும் காய்க்காது!"

கோதண்டபாணி விழுப்புரம் ஜங்ஷனில் முப்பத்தோரு வருஷம் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து, அந்த ஆவணியில்தான் ரிட்டயர் ஆனவர். முப்பத்தோரு வருஷமும் கையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. பந்தி முழுக்கச் சிரித்தது. இலை எடுக்கிறவள் சிரித்தாள். மாப்பிள்ளை, தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகாதவன், அவனும் சிரித்தான். தையல்நாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டதற்கு இருமல் என்றாள்.

கோதண்டபாணி பாயசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்தார். எழுந்தவர் நின்றபடியே சொன்னார்.

"டேய் சுப்பராயலு! வர்ற பங்குனி உத்திரத்துக்கு இதே மயிலத்துக்கு வர்றேன். என் தோட்டத்துக் கத்திரிக்காயோட வர்றேன். இதே ஜனத்துக்கு முன்னாடி, 'மாமா, நான் சொன்னது தப்பு'ன்னு நீ சொல்லணும்!"

"காய்ச்சா சொல்றேன் மாமா" என்றான் சுப்பராயலு.

கோதண்டபாணி எதையும் மறக்கிற ஆள் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் தன் பொடிமட்டையில் ஒரு சிட்டிகை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல் வண்டி ஏறிப் போன ரயில் கார்டு ஒருவரை அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் மச்சானை விடுவாரா?

வீட்டுக்கு வந்த மறுநாளே புழக்கடையைக் காலால் அளந்தார். நாற்பதடி நீளம், இருபத்தைந்தடி அகலம். அதில் தையல்நாயகியின் துவைக்கிற கல், ஒரு முருங்கை, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலீப்பர் கட்டை எட்டு. கட்டைகள் அவர் ரிட்டயர் ஆனபோது ஏலத்தில் எடுத்து அடுப்புக்கென்று போட்டு வைத்தவை. மற்ற இடமெல்லாம் நெருஞ்சி.

யுத்த காலம். அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று சர்க்கார் அச்சடித்த நோட்டீஸ் ஒன்று ஜங்ஷனில் கிடைத்தது. கோதண்டபாணி மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார். பாத்தி பாத்தியாக, நேர்நேராக இருந்தது. பார்த்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இது தோட்டமா? இது ரயில்வே யார்டு அல்லவா! இதை அவரைவிட யார் நன்றாகப் போட முடியும்?

சுண்ணாம்பு கரைத்துத் தரையில் பிளான் போட்டார். முதல் லைன் கத்திரி. இரண்டாம் லைன் வெண்டை. மூன்றாம் லைன் மிளகாய். ஓரத்தில் லூப் லைன் கீரை. கோடி மூலையில் பூசணிக்கு குட்ஸ் ஷெட். அவரைப் பந்தலுக்கு நடுவில் சின்னதாக ஒரு பிளாட்பாரம். விழுப்புரம் கடைத்தெருவில் அவர் பேசாத கடைகளே அதிகம் என்பதால், விதை வாங்க வண்டி ஏறித் திண்டிவனம் சந்தைக்குப் போனார். கத்திரி விதையைச் சிவப்புக் கொடியிலும் அவரை விதையைப் பச்சைக் கொடியிலும் முடிந்து கொண்டுவந்தார். அன்றைக்கு மார்கழி ஒன்று.

"தையலு! மம்மட்டிய எடு. விதைய போடறேன்."

தையல்நாயகி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க, மார்கழியிலயா? மார்கழியிலே யாராச்சும் விதை போடுவாங்களா?"

"ஏன், போட்டா இன்னா?"

"முளைக்காதுங்க. எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். தை பொறக்கட்டும்."

"அதுவரைக்கும் நான் சும்மா குந்தியிருக்கணுமா?"

"ஏன் சும்மா குந்தணும்? எடத்த சீர் பண்ணுங்க. பந்தல் போடுங்க. முப்பது நாளு இருக்குதே. விதை போட்டப்புறம் ஓடியாந்து ஓடியாந்து பண்றதுக்கு, முன்னாடியே பண்ணிட்டா கௌரவமா இருக்கும்."

கௌரவம் என்றதும் கோதண்டபாணி மம்மட்டியைத் தோளில் வைத்தார்.

தையல்நாயகியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனிடம் நகை கேட்டதில்லை. புடவை கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஒரே ஒரு மாடு. அவள் பேரில் தம்பி ஒரு கிடாரி வளர்த்தான். அது பெருத்து, கன்று போட்டு, இன்னும் மயிலத்துப் பக்கமே நின்றுகொண்டிருந்தது. கோதண்டபாணி ஒப்பவில்லை. "ரயில்வேக்காரன் வீட்ல மாடா? கொட்டாய் எங்க கீது? யாரு கட்றது?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டார். இந்த வருஷம் அவள் மாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. தன் அதட்டல் கடைசியில் பலித்தது என்று கோதண்டபாணி நினைத்துக்கொண்டார்.

முதலில் பந்தல் வேலை.

"அவரைக்குப் பந்தல் எவ்ளோ ஒசரம் வெக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நாலடி."

"நாலடியா! நான் குனிஞ்சு குனிஞ்சு காய் பறிக்கணுமா? என் இடுப்பு இன்னா ஆகறது?"

"அப்போ ஆறடி?"

"நீங்க உள்ள வந்தா தலை இடிக்காதா? உங்க தலைக்கு மேல ஒரு முழம் இருக்கட்டும்."

அவர் தலையைப் பற்றி அவள் கவலைப்பட்டது அவருக்குப் பிடித்திருந்தது. ஏழடி என்று முடிவானது.

"காலு மூங்கில்தானே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மூங்கிலா? என்னை யாருன்னு நெனச்ச? மூங்கிலாம்!"

வைரம் பாய்ந்த பனங்கால் ஆறு கொண்டுவந்தார். இரண்டடி ஆழம் தோண்டி நட்டு, கருங்கல் ஜல்லி போட்டுக் கடப்பாரையால் இடித்தார். மேலே குறுக்குவிட்டமாக சிலீப்பர் கட்டைகளைத் தூக்கி வைத்து, கழிவு போல்ட்டுகளால் முறுக்கினார். ஐந்து நாள் வேலை. முடிந்ததும் ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கால் ஆடவில்லை. அவர் ஆடினார்.

"எஞ்சின் ஏறினாலும் தாங்கும்" என்றார் மூச்சு வாங்க.

"தாங்கணுங்க. நல்லா காய்ச்சா கனம்தானே" என்றாள் தையல்நாயகி.

மறுநாள் காலையில் அவள் பந்தலுக்குள் நின்று மேலே பார்த்தாள்.

"இதுக்குக் கீழதானே கத்திரி நாத்து விடப்போறீங்க? பனி கொட்டுது. தையிலே வெயிலு வேற. மேல நாலு பனை ஓலைய வேஞ்சுட்டா?"

"வேஞ்சுட்டா அவரை எதுல படரும்?"

"ஓலை மேல படரும். மெத்தையாட்டம் இருக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. நாலு ஓலை என்றது நாற்பது ஓலை ஆயிற்று. எங்கேயும் ஒழுகாமல் வேய்ந்தார். மார்கழி பாதியில் தப்பி வந்த மழை ஒன்று ராத்திரி முழுக்கப் பெய்தும், உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. அந்தப் பெருமையில் இரண்டு வேளை அதிகமாகச் சாப்பிட்டார்.

ஆனால் மழையில் தரை சேறாகிவிட்டது. அதில் தையல்நாயகி ஒரு தரம் சறுக்கினாள். சறுக்கினாளா, சறுக்கிக் காட்டினாளா என்பது அவளுக்கே வெளிச்சம்.

"கல்லு பாவிடுங்க. வாட்டமா பாவுங்க, தண்ணி ஓடிடணும். ஓடறதுக்கு ஒரு காவா. காவா போய் விழறதுக்கு ஒரு குழி. குழியிலே குப்பையைக் கொட்டி வெச்சா எருவாச்சு."

வாட்டம் என்றால் கோதண்டபாணிக்கு உயிர். நூறடிக்கு எத்தனை அங்குலம் சரிய வேண்டும் என்று ஸ்டேஷன் பிளாட்பாரத்தையே போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். கல் பாவினார். மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அது நேராகக் கால்வாய்க்கு ஓடி, குழியில் விழுந்தது. இன்னொரு குடம் ஊற்றினார். அதுவும் ஓடியது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஊற்றிக் காட்டினார்.

பக்கத்து வீட்டு சவுரிராயன், லோகோ ஷெட்டில் ஃபிட்டர், குட்டிச்சுவருக்கு மேலே தலையை நீட்டினான்.

"அண்ணே, கொட்டாய் ஜோரா கீது! மாடு எப்போ வர்து?"

"மாடா? யோவ், இது அவரைப் பந்தல்யா!"

"அவரைப் பந்தலுக்கு இன்னாத்துக்குக் கல்லு?"

"பறிக்கிறவ வழுக்கி வுழக்கூடாது."

"காவா?"

"தண்ணி நின்னா வேரு அழுவிப்புடும்."

"கல்லுலே ஏதுண்ணே வேரு?"

கோதண்டபாணி பொடிமட்டைக் கார்டுக்கு அடுத்த இடத்தில் சவுரிராயனை வைத்தார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் போனார்.

"தையலு, கல்லுலே ஏதுடி வேரு?"

அவள் கேப்பைக் களியைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"வேரு யாரு சொன்னது? பனங்காலு அடி மக்கக்கூடாதுன்னு இல்ல நான் சொன்னேன்."

"அதானே! ஷெட்டுலே கரி அள்றவனுக்கு இன்னா தெரியும்!"

இதற்குள் பிளானில் சில மாறுதல்கள் வந்திருந்தன. பந்தல் பெருத்து முதல் லைனை விழுங்கிவிட்டது. கத்திரிதான் பந்தலுக்குள் நாற்று விடுகிறோமே என்று அந்த லைனை ரத்து செய்தார். எருக்குழி மூன்றாம் லைனில் வந்தது. மிளகாயைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். வேலியில் வைத்த படல் குறுகலாக இருக்கிறது, இடுப்பில் கூடையை வைத்துக்கொண்டு வர முடியவில்லை என்றாள் தையல்நாயகி. ஐந்தடிக்கு அகலப்படுத்தினார். அந்தக் கூடைக்கு வழிவிட இரண்டாம் லைன் போயிற்று. கிணற்றுத் தண்ணீரை வேரில் நேராக ஊற்றக்கூடாது, ஒரு ராத்திரி ஆறவைக்க வேண்டும் என்றாள். பந்தலுக்குள்ளேயே இடுப்பு உயரத்தில் ஒரு தொட்டி கட்டினார். குட்ஸ் ஷெட் அதில் முடிந்தது. கடைசியில் சுண்ணாம்புக் கோட்டில் மிச்சம் நின்றது ஓரத்து லூப் லைன் ஒன்றுதான், கீரைக்கு.

ஆனாலும் கோதண்டபாணிக்குக் குறையில்லை. ஒரு கத்திரிச் செடிக்கு இவ்வளவு ஏற்பாடு செய்தவன் தென்னாற்காடு ஜில்லாவிலேயே கிடையாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பங்குனி உத்திரத்தன்று சுப்பராயலு முகம் எப்படிப் போகும் என்று தினமும் படுக்கும்போது நினைத்துப் பார்த்தார். அந்த நினைப்பில் முதுகு வலிகூட இனித்தது.

எருதான் கிடைக்கவில்லை. மார்கழியில் எந்த வீட்டில் சாணி தருவார்கள்? வாசல் தெளிக்கவும், கோலத்தில் பூசணிப்பூ செருகி வைக்கவுமே அவரவருக்குப் பற்றவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டிமாடுகளின் பின்னால் ட்ரங்க் ரோட்டில் இரண்டு நாள் நடந்தார். மாடுகள் அவரைத் திரும்பிப் பார்த்தனவே தவிர, வேறொன்றும் செய்யவில்லை.

"எரு இல்லாம தோட்டம் ஏதுங்க?" என்றாள் தையல்நாயகி.

"பேஜாரா போச்சுடி. எங்க போறது?"

"மாட்டுப் பொங்கலுக்குத் தம்பி வர்றான். அவனை எடுத்தாரச் சொல்லியிருக்கேன்."

"அவன் எருவா? அவன் எரு எனக்கு வாணாம்!"

"தம்பி பேசுனதுக்கு எரு இன்னாங்க பண்ணும்? அது உங்களை ஒண்ணும் சொல்லலியே. இன்னொண்ணு, அவன் வந்து இந்தப் பந்தலைக் கண்ணால பாக்க வேணாமா?"

கோதண்டபாணி யோசித்தார். பந்தலைப் பார்த்தால் பங்குனி வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டான். அங்கேயே சொல்லிவிடுவான்.

"எவ்ளோ எடுத்தாருவான்?"

"தெனம் ரெண்டு கூடை கெடைக்கும்."

தினம் என்ற சொல்லை அவர் அப்போதே பிடித்திருக்க வேண்டும். அவர் மனசெல்லாம் மச்சான் முகத்தில் இருந்தது.

மாட்டுப் பொங்கல் அன்று கோதண்டபாணி தன் பழைய ரயில்வே கோட்டைப் போட்டுக்கொண்டார். பித்தளைப் பொத்தான்களைத் துலக்கியிருந்தார். படலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, வண்டி வரப் பார்க்கிறவர் போல நின்றார்.

எருவண்டி வரவில்லை. சுப்பராயலு நடந்து வந்தான். விக்கிரவாண்டியில் ஒரு ராத்திரி தங்கி வந்த களைப்பு அவன் காலில் தெரிந்தது. கையில் கயிறு. கயிற்றின் கோடியில் கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்ட பசு. பின்னால் துள்ளிக்கொண்டு கன்று. படலில் நுழைந்த பசு அகலத்தைப் பார்க்கவே இல்லை, தாராளமாக நுழைந்தது. கல்பாவிய தரையில் நாலு காலையும் ஊன்றி நின்றது. தொட்டிக்குள் மூக்கை விட்டுத் தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டுத் தன் முதல் காரியத்தைச் செய்தது. அது வாட்டத்தில் ஓடி, கால்வாயில் இறங்கி, ஒரு சொட்டுத் தங்காமல் குழியில் போய் விழுந்தது.

கோதண்டபாணி அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். வாட்டம் அவ்வளவு சரியாக இருந்தது.

அப்புறம்தான் கோபம் வந்தது.

"ஏண்டி! மாடு வாணாம்னு நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. கொட்டாய் இல்ல, அதனால வாணாம்னு சொன்னீங்க. நான் எதிர்த்துப் பேசினேனா?"

"எருன்னு இல்ல சொன்ன!"

"எருதாங்க இது. இன்னும் எறங்கல."

குட்டிச்சுவரில் சவுரிராயனின் தலை தெரிந்தது. அவன் பக்கத்தில் அவன் பெண்சாதி, அவளுக்குப் பக்கத்தில் தெருவில் பாதி.

"அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஜங்ஷன்லயே இந்த மாதிரிக் கொட்டாய் கெடையாதுண்ணே" என்றான் சவுரிராயன்.

"பனங்காலப் பாரேன், தூணாட்டம் கீது!" என்றது தெரு.

சுப்பராயலு ஒவ்வொரு காலையும் தட்டிப் பார்த்தான். அண்ணாந்து சிலீப்பரைப் பார்த்தான். உண்மையிலேயே அசந்துபோனான்.

"மாமா, எங்க ஊர் மணியக்காரர் வீட்ல கூட இப்படி ஒரு கொட்டாய் இல்ல மாமா. மாடு குடுத்து வெச்சது."

கோதண்டபாணியின் மார்பு கோட்டுக்குள் அடங்கவில்லை. ஒரு பொத்தான் தெறித்தது. கோபத்தைத் தேடினார், பாதிதான் அகப்பட்டது. அந்தப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாடு வந்தது வரட்டும். வர வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

"சரி, சொல்லுடா."

"இன்னா மாமா சொல்லணும்?"

"'நான் சொன்னது தப்பு'ன்னு சொல்லு. ஜனம் கீது. இங்கயே சொல்லு."

சுப்பராயலு தலையைச் சொறிந்தான்.

"கத்திரிக்காய் எங்க மாமா?"

"அது... விதையே இன்னும் போடல. இம்மாங் கொட்டாயி கட்னவனுக்குக் கத்திரிக்காய் ஒரு கஷ்டமா? சொல்லுடா!"

"சொல்றதுக்கு எனக்கு இன்னா மாமா வலிக்குது? ஆனா அந்தப் பேச்சு என்னுது இல்லியே. நான் எப்படி வாபஸ் வாங்கறது?"

"உன்னுது இல்லியா? பின்ன யாருது?"

"பச்சைக் கொடி செவப்புக் கொடின்னு அவ்ளோ சோக்கா பேச எனக்கு எங்க வரும்? மொத நாளே அக்கா சொல்லிக் குடுத்தாங்க. 'உங்க மாமா பந்தியிலே காயைக் குத்தம் சொல்லாம எந்திரிக்க மாட்டாரு. சொன்னதும் இதச் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்'னாங்க."

கோதண்டபாணி திரும்பினார். மயிலத்துப் பந்தியில் பட்ட அவமானம், ரெண்டரை மாசத்துக் கறுவல், முதுகு வலி, பனங்கால், சிலீப்பர் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. "தையலு!" என்று கர்ஜித்தார்.

தையல்நாயகி பசுவுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அவள் நிமிராமலே கையை நீட்டினாள்.

"ஏங்க, செத்த இந்தக் கயிறப் புடிச்சிக்கினு நில்லுங்க."

கோதண்டபாணி பிடித்துக்கொண்டு நின்றார்.

தை மூன்றாம் தேதி லூப் லைனில் கீரை விதைத்தார். நன்றாகத்தான் முளைத்தது. கன்று மேய்ந்தது. பங்குனி உத்திரத்துக்குச் சொன்னபடியே மயிலம் போனார். கையில் கத்திரிக்காய் இல்லை. அக்கா தம்பிக்குக் கொடுத்தனுப்பிய தயிர்ப்பானை இருந்தது. வர வேண்டிய அந்த வார்த்தையைத் தம்பியும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. பால் மட்டும் வேளை தவறாமல் வருகிறது. கறக்கிறவர் பழைய ரயில்வேக்காரர் அல்லவா!